பாலஸ்தீனப் பாதுகாப்புப் படைகளில் சீர்திருத்தம் என்று ஏதாவது உருப்படியாக நடந்ததா?

நடந்தது. அமெரிக்கா கொடுத்த பயிற்சி, ஜோர்டான் முகாம் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவன், என் கண்ணில் படுவது சம்பளம்தான். மேற்குக் கரையை மட்டும் சொல்கிறேன். 2007-இல் ஹமாஸ் கைக்குப் போன பின் காஸா தனிக் கதை.

எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் மேற்குக் கரையில் இருக்கும் நாப்லஸ் ஊர்க்காரர். அவர் அண்ணன் அங்கே போலீஸ். முந்தைய அதிபர் யாசர் அரஃபாத் காலத்தில் கமாண்டர் கைக்கு மொத்தப் பணம் வருமாம், அவர்தான் எண்ணிக் கொடுப்பாராம். அங்கே ஏகப்பட்ட படைப்பிரிவுகள், ஒவ்வொன்றும் அதன் தலைவருக்கே விசுவாசம். எங்கள் சைட்டிலும் முன்பு ஃபோர்மேன்தான் கவரில் போட்டுக் கொடுப்பார். கையெழுத்து வாங்கும்போதே, "வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு ரெண்டு பேர் வரணும்" என்பார். ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள். 2009-இல் சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்று இங்கே விதி வந்ததும் அவர் அதிகாரம் போச்சு.

பாலஸ்தீனத்தில் அதைச் செய்தவர் சலாம் ஃபய்யாத். 2002-இல் நிதியமைச்சராக வந்து, சிதறிக் கிடந்த வருமானத்தை ஒரே கருவூலக் கணக்குக்குள் கொண்டுவந்தார். 2004 வாக்கில் படையினரின் சம்பளமும் வங்கிக்குப் போனது. அதற்கு முந்தைய வருடம்தான், படைகள் யார் பிடியில் என்று அரஃபாத்தோடு நடந்த இழுபறியில், அப்போது பிரதமராக இருந்த மஹ்மூத் அப்பாஸ் சில மாதங்களிலேயே ராஜினாமா செய்திருந்தார்.

"இஸ்ரேல் ஆக்கிரமிப்பு இருக்கும்போது சீர்திருத்தம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். இஸ்ரேலோடு போட்ட 1994 பாரிஸ் பொருளாதார ஒப்பந்தப்படி அவர்களுடைய சுங்கவரி, வாட் போன்றவற்றை வசூலித்துக் கொடுப்பது இஸ்ரேல். வருமானத்தில் பாதிக்கு மேல் அதுதான், நினைத்தால் நிறுத்தி வைக்கிறது. 2021 கடைசியிலிருந்து அந்த அண்ணனுக்கு முழுச் சம்பளம் வருவதே அபூர்வம்.

அதற்காக ராமல்லாவில் உட்கார்ந்திருக்கும் பாலஸ்தீன அரசை நான் சும்மா விட மாட்டேன். அப்பாஸ் 2005-இல் நான்கு வருடத்துக்கு அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், இன்னும் இருக்கிறார். 2006-க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தல் நடக்கவில்லை, 2018-இல் அவையையே கலைத்தாகிவிட்டது. 2021 மே தேர்தலையும் ஒத்திவைத்தார். அந்த ஜூனிலேயே ஹெப்ரோனில் நிஸார் பனாத் என்ற அரசு விமர்சகரைப் படையினர் பிடித்துப் போனார்கள், சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். அந்தப் படையினருக்கும் சம்பளம் வங்கி வழியாகத்தான்.