செத்த காலேஜும் நான்கு வயதுக் கேள்வியும்

கேள்வி: என் பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நான்கு. கோடை விடுமுறையில் இருவரையும் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். உயிரற்ற விலங்குகளைப் பார்த்தால் சின்னவள் பயந்துவிடுவாளோ என்று மகள் தயங்குகிறாள். அழைத்துப் போகலாமா? எதையெல்லாம் காட்டுவது?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மட்டும் வேண்டாம். மற்ற நாள்களில் காலை 9.30 மணிக்குத் திறந்துவிடுவார்கள். கடற்கரை மின்சார ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விடுவது நல்லது.

அமராவதிச் சிற்பங்கள், வெண்கலத் திருமேனிகள், நாணயங்கள் என்று அந்த வளாகத்தில் இருப்பவற்றைப் பார்க்கப் பெரியவர்களுக்கே ஒரு நாள் போதாது. நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டோமே என்பதற்காகக் குழந்தைகளைக் கூடம் கூடமாக இழுத்துச் செல்லாதீர்கள். விலங்கியல் பிரிவு, கால் வலிக்கவில்லை என்றால் நிலவியல் பிரிவில் சிறிது நேரம், கடைசியில் டைனோசர் உருவங்கள் நிற்கும் சிறுவர் அருங்காட்சியகம், இவ்வளவு போதும். விலங்கியல் பிரிவிலும் எல்லாப் பெட்டிகளையும் எட்டிப் பார்ப்பதைவிட நான்கைந்து இடங்களில் நின்று நிதானமாகப் பேசுவதே பலன் தரும்.

முதலில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டிடம் போங்கள். அதன் நீளத்தைக் கண்டு வியந்து முடித்தபின், முன்துடுப்பின் எலும்புகளைக் காட்டி, பேரனைத் தன் கையைப் பக்கத்தில் நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையில் உள்ள வரிசையே அங்கும் இருக்கும். திமிங்கிலம் மீன் அன்று, பாலூட்டி என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதை, அவன் தன் கையைக் கொண்டே கண்டுகொள்வான். அடுத்து யானையின் எலும்புக்கூட்டின் முன் நின்று, “தும்பிக்கை எலும்பு எங்கே?” என்று கேளுங்கள், தேடட்டும். தும்பிக்கை முழுவதும் தசையால் ஆனது, அதில் ஓர் எலும்புகூட இல்லை என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள். மண்டையோட்டின் நடுவே உள்ள பெரிய துளையைக் கண் என்று குழந்தைகள் நினைப்பார்கள், அது மூக்கு.

இனி உங்கள் மகளின் தயக்கத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்குள் நிற்கும் விலங்கைப் பார்த்ததும், “இது செத்துப்போச்சா?” என்று பேத்தி நிச்சயம் கேட்பாள். “தூங்குகிறது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றிரவு நீங்கள் தூங்கும்போது உங்களைப் பற்றியும் அவளுக்குக் கவலை வந்துவிடும். “ஆமாம், இறந்துவிட்டது. அதன் தோலைக் கெடாமல் பதப்படுத்தி, உள்ளே ஓர் உருவம் செய்து அதன்மேல் போர்த்தியிருக்கிறார்கள். கண்கள் கண்ணாடி. அதற்கு வலிக்காது” என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே போதுமானது. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்ட பொருளைக் கண்டு குழந்தைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அப்படியும் பின்வாங்கினால் வற்புறுத்தாமல், பறவைகளையும் பூச்சிகளையும் முதலில் காட்டிவிட்டுப் பிறகு திரும்பி வாருங்கள்.

அவள் கேட்கப்போகும் கேள்வியைச் சென்னை மக்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். 1851-இல் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் 1854-இல் பாந்தியன் சாலைக்கு வந்தது. மறு ஆண்டே அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அங்கு உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். உயிரற்றவை இருந்த இடம் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ என்றும் மக்கள் வாயில் வழங்கின. அந்த உயிர் காலேஜ்தான் பின்னர் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூரில் நிலைகொண்டது. உங்கள் ரயில் பாதையிலேயே வண்டலூர் இருப்பதால், இங்கே எலும்பாகப் பார்த்த உடல் அமைப்பு நடந்தும் பறந்தும் திரிவதை, செவ்வாய்க்கிழமை அல்லாத வேறொரு நாளில் அங்கே காட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சென்னை வரை வர முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு அருகில் ஏதேனும் உண்டா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் பக்கத்தில் இருப்பதற்குச் சென்னைக்காரர்கள் அல்லவா அங்கே வர வேண்டும்! அரியலூர் வட்டாரம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் சுருள் ஓடுகள் அங்கே கல்லாகக் கிடைத்துள்ளன. அவற்றையும் பிற தொல்லுயிர் எச்சங்களையும் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிம அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். கடலடிப் படிவில் புதைந்த அடிமரத்தின் நார்கள் இருந்த இடத்தைக் கனிமங்கள் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டதால், மரத்தின் வடிவம் அப்படியே இருக்க, பொருள் கல்லாகிவிட்டது. மரம் திறந்தவெளியில் கிடப்பதால் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் ஆகையால், குழந்தைகள் அதன்மேல் ஏறாமலும், நினைவாக ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.