குப்புறப் போட்டால் அழுகிறான், டாக்டர்!

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். குப்புறப் போட்டால் ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டான், முகம் சிவக்க அழுகிறான். என் மார்பில் படுத்திருக்கும்போது மட்டும் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பான். சாயந்திரமானால் வயிறு உப்பி, காலை மடக்கி முக்குகிறான். நான்கு நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போகிறான். பால் கக்குகிறான், சில நாள் மஞ்சளாகவும் இருக்கிறது. உரம் விழுந்திருக்கிறது, ஆள் வைத்து எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். ஓமத் தண்ணீரும், தேனில் குழைத்த வசம்பும் கொடுத்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த வயிற்றுவலிச் சொட்டு மருந்தும் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை. குப்புறப் படுக்காத குழந்தைக்கு மூளையில் கோளாறு இருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.
– ஒரு தாய், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம், மலேசியா

பதில்: மார்பில் படுத்துக்கொண்டு தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் குப்புறப் படுப்பதுதான், அம்மா. பாயில் படுத்தால்தான் கணக்கு என்று யார் சொன்னது? பதினோரு வாரக் குழந்தையிடம் நான் எதிர்பார்ப்பதை அவன் செய்துகொண்டிருக்கிறான். உங்கள் முகத்தைத் தேடிப் பார்க்கவும் செய்கிறான். அவன் மூளையைப் பற்றி இப்போதைக்கு எனக்குக் கவலை இல்லை.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். அந்தப் பாரத்தைக் கழுத்தின் சின்னத் தசைகள் தூக்க வேண்டும். எதிரே பார்ப்பதற்குப் பாயின் கோடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. அழாமல் என்ன செய்வான்? நான்கு மாதம் முடிந்தும் தூக்கி உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை, உடம்பு ஈரத் துணி மாதிரித் துவள்கிறது அல்லது பலகை மாதிரி விறைக்கிறது, ஒரு பக்கக் கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருக்கிறான் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், பிறந்த நாளை விட்டுவிட்டுப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. ‘சில நாள் மஞ்சளாகவும் இருக்கிறது.’ அதைப் படித்ததும்தான் உங்களுக்குப் போன் செய்து, கக்கிய துணியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் இருந்தது வெளிர் மஞ்சளாகத் திரிந்த பால். கூடவே, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான், எடை ஏறுகிறது என்றும் சொன்னீர்கள். எனக்கு மூச்சு வந்தது. அது பச்சையாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உங்களை அப்போதே வண்டியில் ஏறச் சொல்லியிருப்பேன்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கருவில் வளரும்போது குடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து வயிற்றின் பின்சுவரில் அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தச் சுற்று பாதியில் நின்றுவிடும். அப்போது சிறுகுடல் மொத்தமும் ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிற மாதிரி இருக்கும். பிறந்த பிறகு எந்த நாளிலும் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் மாதத்தில் நடக்கும், முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். முறுக்கிக்கொண்டால் பித்தநீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே வரும்; அதுதான் பச்சை வாந்தி. அதே முறுக்கில் குடலுக்குப் போகும் இரத்தமும் நின்றுவிடும். சில மணி நேரத்தில் குடல் கறுத்துச் செத்துவிடும்.

முதல் பச்சை வாந்தியின்போது குழந்தை நன்றாகவே தெரியலாம், சிரிக்கவும் செய்யலாம். வயிறு உப்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, தொட்டால் மெத்தென்றும் இருக்கலாம். நம்மை ஏமாற்றுவதே இதுதான். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் ஒரு தோட்டத்துக் குழந்தை வந்தது, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முந்தைய நாள் காலையிலிருந்தே பச்சையாகக் கக்கியிருக்கிறது. ஓமம் கொடுத்தோம், அதன் நிறம் என்று நினைத்தோம் என்றார் பாட்டி. வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒன்றரை நாள் காத்திருந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நடந்தது, குழந்தை பிழைத்தது, ஆனால் குடலில் பாதிக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. “நேற்றே வந்திருந்தால்?” என்று அந்தத் தாய் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாட்டியின் மேல் தப்பு இல்லை. பச்சை என்றால் ஓட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, எது பச்சை? வெள்ளையோ வெளிர் மஞ்சளோ, தயிர் மாதிரித் திட்டுத்திட்டாக வந்தால் அது பால். பண்டான் இலை அரைத்த சாறு மாதிரியோ, கறிவேப்பிலைத் துவையல் மாதிரியோ இருந்தால் அது பச்சை. ஒரே ஒரு தடவை வந்தாலும் போதும். விடியட்டும், கிளினிக் திறக்கட்டும் என்று உட்கார வேண்டாம். நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கே அரை மணி நேரப் பயணம்தான். வண்டி இல்லையென்றால் 999-க்குப் போன் செய்யுங்கள். வழியில் பால்கூடக் கொடுக்க வேண்டாம். கக்கிய துணியைத் துவைத்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் கண்ணுக்கு நேரே காட்டுங்கள். நிறம் மஞ்சளாகவே இருந்தாலும், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அப்புறம், நீங்கள் கொடுத்த மருந்துகளுக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் மருந்துக்கும் வருகிறேன். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தச் சொட்டு மருந்துப் புட்டியின் லேபிளையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் குடல் பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் என்ற மருந்து இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. கொடுத்த சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது, மூச்சு நின்றும் இருக்கிறது, வலிப்பு வந்திருக்கிறது. ஊரிலிருந்து அன்போடு கொண்டுவந்தார்கள் என்பதற்காகக் குழந்தையின் வாயில் விடாதீர்கள். தேனும் ஒரு வயது வரைக்கும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். அந்த நோயில் முதலில் மலம் கட்டும், பிறகு குழந்தை துவண்டு தலை தொங்கிவிடும். எந்தத் தலை நிற்கவில்லை என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்களோ, அதே தலை! கொடுத்தது கொடுத்தாகிவிட்டது. அடுத்த சில வாரங்களில் உறிஞ்சும் பலம் குறைந்தாலோ, அழுகைச் சத்தம் மெலிந்தாலோ, கண் இமை தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதில் உள்ள ஒரு பொருள் ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். நிறையக் கொடுத்தால் வாந்தியும் வரும். ஓமத் தண்ணீர் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும்.

உரம் எடுக்க ஆள் வரவே கூடாது. துணியில் போட்டு உருட்டினாலும் உலுக்கினாலும் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் கிழியலாம். மாமியார் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான்கு நாளுக்கு ஒரு முறை வெளிக்குப் போவது ஒன்றுமில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். வருவது இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கல் கிடையாது. முக்குவதும் அப்படித்தான்: வயிற்றை இறுக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறான். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி உள்ளே விட்டால் கற்றுக்கொள்ள மாட்டான். மலத்தில் இரத்தம் தெரிந்தால் காட்டுங்கள். சாயந்திர அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

குப்புறப் போடுவதற்கு வருவோம். பால் கொடுத்தவுடன் போட்டால் நிறைந்த வயிறு அமுங்கிக் கக்கத்தான் செய்வான். அரை மணி நேரமாவது போகட்டும். நான் சொல்வது, பேம்பர்ஸ் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம். அழத் தொடங்குவதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். மார்புக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கைகள் இரண்டையும் அதற்கு முன்னால் விட்டு, நீங்களும் எதிரே குப்புறப் படுத்து அவனிடம் பேசுங்கள். மடியில் குறுக்காகப் போட்டு முதுகைத் தடவினால் சில பிள்ளைகளுக்குக் காற்றும் பிரியும். உங்கள் கணவர் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தால், சாய்ந்து உட்கார்ந்து தன் மார்பில் போட்டுக்கொள்ளட்டும். அதுவும் கணக்குத்தான். விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளில் எல்லாம் சேர்த்து அரை மணி நேரமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரே மூச்சில் வேண்டாம்.

இன்னொன்று போனில் சொன்னீர்கள்: பகல் முழுக்கச் சாரோங் துணித் தொட்டிலில்தான் கிடக்கிறான் என்று. தொட்டிலில் ஆடினால் அழுகை நிற்கும், எனக்கும் தெரியும். ஆனால் அதற்குள் உடம்பு வில் மாதிரி வளைந்து கிடக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் அங்கே வேலையே இல்லை. விழித்திருக்கும்போது தரையில் பாயை விரித்துப் போடுங்கள்.

வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று ஒருபோதும் குப்புறத் தூங்க வைக்காதீர்கள். தூங்குவது எப்போதும் மல்லாந்துதான். 1990-களில் பல நாடுகள் இந்த ஒன்றை வலியுறுத்தியதால் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. மார்பில் தூங்கிவிட்டாலும் எடுத்து மல்லாத்திப் போடுங்கள், நீங்களும் சேர்ந்து கண்ணயர்ந்துவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு வாரத்தில் மூன்றாம் மாத ஊசிக்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போவீர்கள். அங்கே நர்ஸ் மிஸ்ஸியிடம், தேனும் வசம்பும் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தலை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடையைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.