ஊரடங்கில் நாயுடன் நடை: டாக்டரம்மா பதில்கள்

அரசுக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் ஒன்பது வயதுச் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. 2021 மே 10ஆம் தேதி தொடங்கிய கொரோனா ஊரடங்கு, இதை எழுதும் ஜூன் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் முழுதாக விலகவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காச் செய்தி வந்த பிறகு நாய் வளர்ப்பவர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டாக்டரம்மா, வண்டலூரில் சிங்கத்துக்கே கொரோனா வந்துவிட்டது. என் நாயை வெளியே கூட்டிப்போனால் அது வாங்கிவந்து எங்களுக்குக் கொடுக்காதா? அதைக் கிராமத்தில் விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். (மடிப்பாக்கம்)

முதலில் கடைசி வரிக்குப் பதில்: விடாதீர்கள். வீட்டில் வளர்ந்த நாய் கிராமத்துத் தெருவில் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பதே அரிது.

வண்டலூரில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று என்று தெரிந்தது. ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது; 16ஆம் தேதி ஆண் சிங்கம் ஒன்றும் போய்விட்டது. வருத்தமான விஷயம்தான். ஆனால் சிங்கம் பூனைக் குடும்பம். இந்தக் கிருமி பூனைக் குடும்பத்தை எளிதில் பற்றுகிறது, நாயை அவ்வளவாகப் பற்றுவதில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கில் 17 வயதுப் பொமரேனியன் ஒன்றுக்குப் பரிசோதனையில் இலேசான தொற்று தெரிந்தது. அதற்கு நோய்க்குறி எதுவும் இல்லை. தொற்று வந்த வழி அதன் எஜமானியம்மாள். அன்று முதல் உலகம் முழுக்கப் பார்த்ததில் பாதை இதுதான்: மனிதரிடமிருந்து நாய்க்கு. நாய் மனிதருக்குப் பரப்பி நோய் பெருகியதாகச் சான்று இல்லை.

ஆகவே நடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது கயிற்றின் மறுமுனையில் இருப்பவரை. நாய்க்குத் தேவை பதினைந்து நிமிடம். மிச்சம் முப்பது நிமிடம் எதிர்வீட்டுக்காரரோடு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஆக்சிஜன் படுக்கைக் கதை பேசுவதற்கு. கிருமி பரவுவது அந்த முப்பது நிமிடத்தில்தான்.

போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது? (மேற்கு மாம்பலம்)

உண்மையைச் சொல்லுங்கள். கால்நடை மருந்தகங்களுக்கு முழு ஊரடங்கிலும் விலக்கு உண்டு. நாயை நடத்துவதற்கென்று தனி விலக்கு எதையும் உத்தரவுகளில் நான் காணவில்லை. பிரான்சில் சென்ற ஆண்டு ஊரடங்கின்போது வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம் என்று எழுதியே கொடுத்தார்கள். ஸ்பெயினிலும் நாய்க்காக வெளியே வரலாம் என்றார்கள். உடனே ஒருவர் பொம்மை நாயை இழுத்துக்கொண்டு தெருவில் உலாவிப் போலீசிடம் மாட்டிக்கொண்டார். நம் ஊரில் யாரும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன்.

இங்கே காவலரின் நிதானத்தை நம்பித்தான் போகிறோம். அதனால் உங்கள் தெருவைத் தாண்டாதீர்கள். ஒருவர் மட்டும் போங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் போய் ஆறுக்குள் திரும்பிவிடுங்கள். திரும்பு என்றால் திரும்பிவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமாகத் தெருவில் நிற்கும் மனிதரிடம் சட்டம் பேசாதீர்கள். சட்டம் பேச நீதிமன்றம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொச்சியில் ஒருவர் தன் பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கப் போக அனுமதி கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்துக்கே போனார். அனுமதியும் கிடைத்தது.

இம்மாதம் 14ஆம் தேதி முதல் பூங்காக்களில் காலை 6 முதல் 9 வரை நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது மனிதர்களுக்கு. உங்கள் பூங்கா வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள், நாய்க்கு அனுமதி இல்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

வெளியே போய் வந்ததும் பாதங்களுக்குச் சானிடைசர் தடவுகிறேன். போதுமா? (அண்ணா நகர்)

உடனே நிறுத்துங்கள். அது சாராயம். நாய் பாதத்தை நக்கும். நக்கினால் வயிற்றுக்குள் போகும். டெட்டால், பினாயில், லைசால் எதுவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பாதத்தை அலம்பி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் பழைய துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், அதுதான் மழைக்காலத்து வியாபாரம் எங்களுக்கு. தெருவில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பாதத்தைப் புண்ணாக்கும்.

நாய்க்கு முகக்கவசம் போடலாமா என்று கேட்ட இருவருக்கும்: கூடாது. நாய் வாயால் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கவசம் உங்களுக்கு.

எங்கள் தெருநாய்கள் முன்பு வாலாட்டும். இப்போது என் லேப்ரடாரைக் கண்டால் கூட்டமாகப் பாய்கின்றன. (பெரம்பூர்)

அவை பசியில் இருக்கின்றன. டீக்கடை பன், பிரியாணிக் கடை எலும்பு, கறிக்கடைக் கழிவு என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சாப்பாட்டு இடம் இருந்தது. கடைகள் மூடிவிட்டன. தெருவும் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் எல்லை முழுவதும் தமக்கே என்று நாய்கள் நினைப்பது இயல்பு. அதற்குள் புதிய வாசனையோடு கொழுத்த லேப்ரடார் நுழைந்தால் சும்மா இருக்குமா?

ஓடாதீர்கள். கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கயிறு விறைத்தால் உங்கள் நாய்க்கும் பதற்றம் ஏறும். கையில் ஒரு குடை இருக்கட்டும். கூட்டம் நெருங்கும்போது அவற்றின் பக்கம் குடையைப் படக்கென்று விரித்துப் பிடியுங்கள். பெரும்பாலும் தயங்கி நிற்கும். குடையை மறைப்பாகப் பிடித்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வது வீரம் மாதிரித் தெரியும். எட்டிப் பாயும் நாய் உங்கள் முகத்தைத்தான் கடிக்கும்.

முடிந்தால் மாலையில் ஒரு பாத்திரம் தயிர்ச்சோறு வையுங்கள். நீங்கள் நடக்கும் பாதையில் வேண்டாம், அடுத்தவர் வீட்டு வாசலிலும் வேண்டாம். ஒரு வாரத்தில் தெருவின் மனநிலையே மாறும்.

கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு அன்றே ரேபிஸ் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வருமே என்று நாள் தள்ளாதீர்கள். கொரோனாவிலிருந்து பிழைத்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ரேபிஸ் நோய்க்குறி வந்தபின் பிழைத்தவரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. ஏழாம் மாடி. (பெரும்பாக்கம்)

சட்டம் உங்கள் பக்கம்தான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடுக்கவோ லிஃப்டை மறுக்கவோ முடியாது என்று சொல்லியிருக்கிறது. அதை அச்சிட்டுச் செயலாளரிடம் மரியாதையாகக் கொடுங்கள்.

கொடுத்துவிட்டு, நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். யாராவது உள்ளே இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்கள். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆறடிக்குள் உள்ள கயிற்றைப் பிடியுங்கள். உங்களிடமிருந்து ஆறடி என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். எதிரில் வருகிறவர் நாயின் மூக்கிலிருந்து கணக்குப் போடுகிறார். பயப்படுகிறவரிடம் “ஒன்றும் செய்யாது” என்று சொல்வதைப்போல எரிச்சல் மூட்டும் வாக்கியம் வேறில்லை.

கத்திரிதான் முடிந்துவிட்டதே, ஒன்பது மணிக்குக் கூட்டிப்போகலாமா? (தாம்பரம்)

கத்திரி மே 28இல் பஞ்சாங்கத்தில் முடிந்தது. தார்ச்சாலைக்கு அது தெரியாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் என்றால் ஏழு மணிக்கு மேலேயே வேண்டாம். எச்சில் கெட்டியாகி, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் நிழலில் கிடத்தி வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் வேண்டாம்.

எனக்கும் மனைவிக்கும் பாசிட்டிவ். வீட்டுத் தனிமை. நாய் வெளியே போனால் மட்டுமே மலஜலம் கழிக்கும். நேற்றிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறது. (கொளத்தூர்)

இதுதான் இன்றைய அவசரக் கேள்வி.

நீங்கள் இருவரும் வாசற்படி தாண்டக்கூடாது, “விடியற்காலையில் யாரும் இல்லையே” என்றும் கூடாது. நலமாக உள்ள அக்கம்பக்கத்தவர் யாராவது ஒருவர், நாய்க்கு ஏற்கெனவே பழக்கமானவராக, கிடைப்பாரா பாருங்கள். அவர் தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவரட்டும். நீங்கள் கதவைத் திறந்து நாயை வெளியே விட்டு உள்ளே போய்விடுங்கள். அவர் முகக்கவசத்தோடு கயிற்றைக் கட்டிக் கூட்டிப்போய்வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளட்டும். முத்தம், மடியில் தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் குணமான பிறகு. நீங்கள் நாயிடம் போகும்போதும் முகக்கவசம் போடுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால், தனி வீடு என்றால் மொட்டை மாடி. அடுக்குமாடி என்றால் பால்கனி. உங்கள் நாயை நான் அறிவேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் மாடிக்குப் பழகாத நாய் குறைவு. யாரிடமாவது சொல்லி, உங்கள் நாய் வழக்கமாகக் காலைத் தூக்கும் இடத்திலிருந்து ஒரு முறம் மண்ணும் புல்லும் எடுத்துவந்து வாசலில் வைக்கச் சொல்லுங்கள். அதை மூலையில் பரப்புங்கள். கயிறு கட்டியே கூட்டிப்போங்கள், வெறுமனே அவிழ்த்துவிட்டால் விளையாட்டு என்று நினைக்கும். அந்த மூலையையே சுற்றிச் சுற்றி வாருங்கள். தெருவில் என்ன வார்த்தை சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். போய்விட்டால் உடனே ஒரு துண்டு அவித்த கோழி. முதல் முறைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். திட்டாதீர்கள். இருபத்துநான்கு மணி நேரமாகியும் சொட்டுச் சிறுநீர் இல்லை, வயிறு இறுகிக் கிடக்கிறது என்றால் பழக்கம் காரணமாக இருக்காது. அடைப்பாக இருக்கலாம். யாரிடமாவது கொடுத்தனுப்பிக் காட்டுங்கள்.

வருடாவருடம் என் நாய்க்குப் போடும் ஊசியில் ‘கொரோனா’ என்றும் எழுதியிருக்கிறதே? (போரூர்)

அது நாய்களுக்குக் குடலில் வரும் வேறு கொரோனா. பெயர்தான் ஒன்று, பெரியப்பா பிள்ளை மாதிரி. இந்த நோயைத் தடுக்காது. இதையே தனக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். பெயரைச் சொல்லவில்லை. வேண்டாம் ஐயா, உங்கள் தடுப்பூசி முகாமில் இருக்கிறது.

ஊரடங்கில் பொழுது போகவில்லை என்று இரண்டு மாதக் குட்டி வாங்கினோம். எப்போது நடத்தலாம்? (வேளச்சேரி)

பொழுது போன பிறகும் அது பதின்மூன்று வருடம் இருக்கும், நினைவிருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம்வரை தடுப்பூசிகள் உண்டு. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெரு மண்ணில் கால் வைக்க விடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அதற்காக அறைக்குள் பூட்டாதீர்கள். இந்த வயதில் பார்க்காததை எல்லாம் நாய் ஆயுள் முழுக்கப் பயந்துகொண்டே இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஸ்கூட்டர், காய்கறி வண்டி, முகக்கவசம் போட்ட முகம் எல்லாவற்றையும் காட்டுங்கள். முகக்கவசம் போடாத முகத்தைத்தான் இந்த வருடக் குட்டிகள் விநோதமாகப் பார்க்கும்போலிருக்கிறது.

பதினைந்து நிமிட நடை என் ராஜபாளையத்துக்கு எப்படிப் போதும்? சோபாவைக் கிழித்துவிட்டது. (ஆவடி)

போதாதுதான். கால் ஓடாவிட்டால் மூக்கை ஓடவிடுங்கள். பழைய துண்டில் அவித்த கேரட், கோழித் துணுக்குகளை வைத்துச் சுருட்டி முடிச்சுப் போட்டு, வீட்டில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். இருபது நிமிடம் மோப்பம் பிடித்த நாய் ஒரு மணி நேரம் ஓடியதுபோலப் படுத்துவிடும்.

மலத்தை அள்ள வேண்டுமா? தெருவில்தான் யாருமே இல்லையே. (கோடம்பாக்கம்)

தெருவில் ஒருவர் இருக்கிறார். நாம் எல்லாரும் வீட்டுக்குள் இருந்த நாட்களில் தினமும் வந்த தூய்மைப் பணியாளர். பழைய செய்தித்தாளில் அள்ளி, வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுங்கள்.

என் மாமனார் சென்ற மாதம் கொரோனாவில் காலமானார். அவர்தான் தினமும் ஐந்தரைக்கு நாயைக் கூட்டிப்போவார். இப்போது அந்த நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. நான் கூப்பிட்டால் வருவதில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. (நங்கநல்லூர்)

வருந்துகிறேன் அம்மா. ஐந்தரைக்கே கிளம்புங்கள். அவர் போன வழியே போங்கள்; வழி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அதற்குத் தெரியும். அவர் எங்கே நிற்பாரோ அங்கே அது நிற்கும். நின்றால் நீங்களும் நில்லுங்கள், இழுக்காதீர்கள். அவருடைய துண்டைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போட்டுவையுங்கள்.

ஆனால் மூன்று நாள் சாப்பிடாததை ஏக்கம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மாமனார் இருந்தபோது உண்ணி பார்த்து எடுத்திருப்பார், இந்த ஒரு மாதத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறி இருந்தாலோ, காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்தாலோ, அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாளைக் காலை நடையை முடித்துக்கொண்டு அப்படியே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.