சின்ன டாங்கிக்கு எவ்வளவு வண்ணம்?

கேள்வி: 1/35 அளவில் (அசலில் 35-ல் ஒரு பங்கு) டி-34 டாங்கி மாடல் செய்து முடித்தேன். இரண்டாம் உலகப்போரில் ஓடிய சோவியத் டாங்கி அது. சோவியத் பச்சை என்று போட்டிருந்த வண்ணத்தையே வாங்கி அடித்தேன். ஆனாலும் கடை பொம்மை மாதிரி இருண்டு கிடக்கிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: வண்ணத்தில் தவறில்லை. அசல் டாங்கி வெட்டவெளி வெயிலில் நின்றது. உங்களுடையது டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறது. அதே பச்சை சின்ன உருவத்தில் கறுத்துத்தான் தெரியும். ஐந்து பங்கு பச்சைக்கு ஒரு பங்கு மணல் மஞ்சள் கலந்து வெளிற வையுங்கள். வெள்ளை வேண்டாம், பச்சை சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். மேல்தளத்துக்கும் டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூடு) உச்சிக்கும் இன்னும் ஒரு துளி மஞ்சள் கூட்டலாம்.

அப்புறம், பூச்சின் கனம். மாடல் செய்கிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். 0.1 மி.மீ. கனத்துக்கு வண்ணம் ஏறினால், அசல் டாங்கியில் அது 3.5 மி.மீ.க்குச் சமம். வார்ப்பு டரட்டின் சொரசொரப்பும் வெல்டிங் தடமும் அதற்குள் புதைந்து போகும். டி-34-க்கு அந்தச் சொரசொரப்புதான் முகம். போர் நெருக்கடியில் தேய்த்து மெருகேற்ற சோவியத் தொழிற்சாலைகளுக்கு ஏது நேரம்? அதனால் தண்ணியாகக் கரைத்து, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

அடி வண்ணம் அக்ரிலிக் என்றால், அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். பிறகு பழுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் டீத்தண்ணி போலக் கரைத்து, பிரஷ் நுனியை வெல்டிங் தடத்தின் ஓரத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். இடுக்கு வழியாக அது தானாகவே ஓடும், பார்க்கவே அவ்வளவு அழகு! அரை மணி நேரம் கழித்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்து விடுங்கள். மழை வழிந்த தடம் கிடைத்துவிடும்.

டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) ஆரஞ்சுத் துரு வேண்டாம். ஓடுகிற டாங்கியில் தரை உரசும் இடம் தேய்ந்து மின்னும். அங்கே பென்சில் தூளைத் தேய்த்தாலே போதும். கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் மட்டும் அதைத் தொடாதீர்கள், காற்றின் ஈரத்தில் வெள்ளைப் படலம் விழுந்துவிடும்.

கேள்வி: நம் ஊரில் தயாரான டாங்கி ஏதாவது செய்ய ஆசை. எதில் தொடங்கலாம்?
– வாசகி, ஆவடி

பதில்: உங்கள் ஊரிலேயே உருவான டி-72 அஜேயாவில் தொடங்குங்கள்; சோவியத் டி-72 டாங்கியின் இந்திய வடிவம் அது. டி-72-க்கு 1/35 கிட்டுகள் (கோத்து ஒட்டும் மாடல் பாகங்கள்) சுலபமாகக் கிடைக்கின்றன. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் களமிறங்கிய விஜயந்தா டாங்கியும் ஆவடியில் தயாரானதுதான். அதைப் பல ஊர்களில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். போனால் சக்கரம், வெல்டிங், மட்கார்டு நெளிசல் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் படமெடுங்கள். வண்ணத்தை மட்டும் அதைப் பார்த்து எடுக்காதீர்கள்; காட்சிக்காக மேல்மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். படையில் ஓடியபோது எடுத்த பழைய படங்களே அதற்குச் சரியான ஆதாரம்.