கார்பன் ஃபைபருக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே: கேள்வி பதில்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து: சார், வெல்டிங்குக்கு ஆர்.டி. (கதிர்ப்படச் சோதனை) எடுக்கும் மெஷினிலேயே 3 மி.மீ. கார்பன் ஃபைபர் தகட்டை 160 கே.வி. (கிலோவோல்ட்) அழுத்தத்தில் எடுத்தேன். படம் முழுக்க ஒரே சாம்பல். டிடெக்டர் போய்விட்டதா?

டிடெக்டர் மேல் பழி போடாதீர்கள். இரும்பின் அணு எண் 26, கார்பனுக்கு வெறும் 6. அவ்வளவு ஆற்றலுள்ள கதிருக்கு அந்தத் தகடு இருப்பதே தெரியாது. 20 முதல் 40 கே.வி.க்குள் இறங்கிப் பாருங்கள். பெரிலியம் ஜன்னல் வைத்த ட்யூப் நல்லது. கண்ணாடி என்றால் நமக்கு வேண்டிய மென்கதிரை அதுவே விழுங்கிவிடும். இரிடியம் சோர்ஸ் (காமா கதிர் மூலம்) சரிவருமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதன் கதிருக்கு ஆற்றல் இன்னும் அதிகம்!

கிண்டியிலிருந்து: அடிபட்ட ட்ரோன் தகட்டைக் காசால் தட்டினால் ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. எதை நம்ப?

தட்டும் சத்தத்தைத்தான். கதிர் போகும் வழியில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும். அடுக்குகள் பிரிந்தாலும் பொருள் குறைவதில்லையே! தகட்டுக்குச் செங்குத்தாகக் கதிர் வந்தால் அந்த மெல்லிய இடைவெளி படத்தில் விழாது. அல்ட்ராசோனிக்கில் (மீயொலிச் சோதனை, சுருக்கமாக யூ.டி.) அப்படியில்லை, இடைவெளியில் உள்ள காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும், உடனே மாட்டிக்கொள்ளும். அதனால் டிலாமினேஷனுக்கு, அதாவது அடுக்குப் பிரிவுக்கு, யூ.டி.; நுண்துளை, நெளிந்த இழை, நசுங்கிய ஹனிகோம்ப் (தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட உள்பகுதி), உள்ளே சிக்கிய உலோகத் துணுக்கு இதற்கெல்லாம் எக்ஸ்ரே.

விரிசல் மேற்பரப்புவரை வந்திருந்தால் ஜிங்க் அயோடைடு கரைசலை ஊறவிட்டு எடுக்கலாம், பளிச்சென்று தெரியும். ஆனால் அது உள்ளேயே தங்கிவிடும். திரும்பப் பறக்கவேண்டிய பாகத்தில் நான் அதை ஊற்றமாட்டேன்.

மீனம்பாக்கத்திலிருந்து: ஹனிகோம்ப் பேனலில் சில அறைகள் மட்டும் வேறு நிறமாகத் தெரிகின்றன. தண்ணீரா, பசையா?

பேனலை வேறு பக்கம் சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுங்கள். தண்ணீர் என்றால் இடம் மாறும், இறுகிய பசை நகராது. ஐப்பசி மழையில் வெளியே கிடந்த பேனல் என்றால் என் சந்தேகம் தண்ணீர்மேல்தான்.

தாம்பரத்திலிருந்து: லெவல் 2 (இந்தச் சோதனைகளுக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ்) படிக்க வெளியூர் போகவேண்டுமா?

எதற்கு? பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் துறைக்கான இந்தியச் சங்கமான ஐ.எஸ்.என்.டி.யின் தலைமையகமே சென்னையில்தானே இருக்கிறது.

குரோம்பேட்டை மாணவர்: 40 கே.வி. தானே சார், வீட்டு மாடியில் ஒரு செட்டப் போடலாமா?

கூடாது தம்பி. அந்த மென்கதிரைத் தோலே நிறைய உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலையில் வைப்பதற்கே ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி வேண்டும், அதற்கு அவர்களுடைய ஈலோரா இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை செய்பவர், உடலில் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜும் அணிய வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.