எல்லா ஊருக்கும் நேரடி பஸ்?

கேள்வி: சென்னையில் பக்கத்துப் பேட்டைக்குப் போகவே இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. எல்லாப் பேட்டைகளையும் நேரடி பஸ்ஸால் இணைக்க அரசுக்கு என்ன தயக்கம்? (வாசகர், சூளைமேடு)

பதில்: தயக்கம் இல்லை, கணக்குதான் இடிக்கிறது. நூறு பேட்டைகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 4,950 வழித்தடங்கள் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பதோ மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். தடத்துக்கு ஒன்றுகூடத் தேறாது.

நேரடி பஸ்ஸே கூடாது என்று சொல்லவில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி, பஸ்கள் வந்து குவியும் பாரிமுனைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் எத்தனையோ பேட்டைகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் புதுத் தடங்கள் பலவற்றின் ஜாதகம் வேறு. வாழைமரம் கட்டி, எம்.எல்.ஏ. கொடியசைத்து, படமும் எடுத்தாகிவிடும். சில மாதங்களில் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அப்புறம் அதுவும் இராது.

பஸ் மாறுவது பெரிய துன்பமில்லை. மாறும் இடத்தில் வெயிலில் அரைமணி நேரம் நிற்பதும், ஏறியவுடன் மறுபடி காசு எடுப்பதும்தான் துன்பம். நடுவில் இறங்கி அடுத்த பஸ் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து கணக்கு மறுபடி தொடங்குகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால், மறுபடி காசு எடுக்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய வண்டி எது முதலில் வந்தாலும் ஏறி, வேண்டிய இடத்தில் மாறிக்கொள்ளலாம். இலவசம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வசதியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு இலவசம் வேண்டாம். இத்தனை மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே டிக்கெட் என்றால் போதும். 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறதே என்பீர்கள். நாள்கூலிக்காரர் அதை மொத்தமாக எடுத்து நீட்ட முடியுமா?

மாறும் இடத்தை மதிக்காத புத்திக்குக் கிளாம்பாக்கம் சாட்சி. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே வெளியூர் பஸ்களுக்கான முனையத்தைத் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நிற்க அப்போது அங்கே நிலையம்தான் இல்லை!

ஆகவே, மனு கொடுப்பதானால் புதுத் தடம் கேட்காதீர்கள். இருக்கிற பஸ்ஸைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடச் சொல்லிக் கேளுங்கள். கொடியசைக்க அதில் வாய்ப்பில்லை என்பதால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகலாம்.