ஆள் நடமாட்டமில்லாத ஆற்றில் ஆறு நாள்: ராஃப்டிங் கேள்வி பதில்

கேள்வி: ஆறு பேர், காற்றடைத்த படகான ராஃப்டில் மொத்தம் 120 கிலோமீட்டர். நாளுக்கு 20 என்று பிரித்திருக்கிறோம். சரிதானா சார்?

பதில்: சமமாகப் பிரிக்காதீர்கள். வரைபடத்தில் சரிவைப் பாருங்கள். செங்குத்தான பகுதியில் ஒவ்வொரு ரேப்பிட்டையும் (பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் வேக நீரோட்டம்) கரையிறங்கிப் பார்த்து, ராஃப்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, 8 கிலோமீட்டர் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நீரோட்டம் சீராக இருந்து எதிர்காற்றும் அடிக்காவிட்டால் ஒரே நாளில் 30 கூடப் போகலாம். பெரிய ரேப்பிட் காலையில் வரும்படி முகாம்களைத் திட்டமிடுங்கள். கவிழ்ந்துபோனால் ஆளைத் தேடவும் பொருளைப் பொறுக்கவும் பகல் மிச்சமிருக்க வேண்டும். ஒரு நாளைச் சும்மா விட்டு, பயணத்தை ஏழு நாளாக்குங்கள். சாப்பாடு எட்டு நாளுக்கு.

கேள்வி: ஆறு பேருக்கு ஒரே பெரிய ராஃப்ட் போதாதா?

பதில்: போதாது. ஒன்று கவிழ்ந்தால் தண்ணீரில் கிடப்பவர்களைத் தூக்க இன்னொன்று வேண்டும். சட்டம் பொருத்தி நீளத் துடுப்பால் ஓட்டும் 14 அடி ராஃப்ட் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் உதிரித் துடுப்பு ஒன்று, ஓட்டுபவர் உடனே உருவும்படி கட்டியிருக்கட்டும்.

கேள்வி: 'மூன்றாம் வகுப்பு ஆறு' என்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் ஓடினால் இறங்கலாம்?

பதில்: எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒன்று முதல் ஆறு வரையுள்ள அந்த வகுப்பு எண், ஏதோ ஒரு நீரளவில் ஆற்றைப் பார்த்தவர் கொடுத்தது. வினாடிக்கு 3,000 கனஅடியில் மூன்றாம் வகுப்பாக இருக்கும் இடம் 10,000 கனஅடியில் வேறு ஆறாகிவிடலாம். சில ரேப்பிட்கள் பாறை மூழ்கி லேசாகும். சிலவற்றில் ஆளை விடாமல் புரட்டும் சுழல் உருவாகும். எனவே எந்த அளவில் அந்த எண் சொல்லப்பட்டது என்று தேடிப்பிடியுங்கள். அலகையும் கவனியுங்கள்: ஒரு கனமீட்டர் என்பது 35.3 கனஅடி. நீரளவைக் காட்டும் அளவுமானி ஆற்றின் மேற்பகுதியில் இருந்தால், அதற்குக் கீழே வந்து சேரும் கிளையாறுகளின் தண்ணீர் அதன் கணக்கில் வராது.

பனி உருகி ஓடும் ஆறென்றால் மதிய வெயிலில் உருகியது பல மணி நேரம் கழித்துத்தான் உங்கள் முகாமுக்கு வரும். கரையேறியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். சமைத்து முடித்துப் பாருங்கள், படுக்கும் முன் பாருங்கள். குச்சியின் காலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதென்றால் ராஃப்டை இன்னும் மேலே இழுத்து இரண்டு இடங்களில் கட்டுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டியிருக்கிறது. உடனே கூடாரத்தையும் உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சாமான் கட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ராஃப்டைத் தலைகீழாக்கி உலுக்கினாலும் ஒன்றும் விழக்கூடாது, அப்படிக் கட்டுங்கள். வாரின் மிச்ச நுனியையும் செருகிவிடுங்கள். தொங்கும் வளையத்தில் கால் மாட்டிக்கொண்டால் கவிழ்ந்த ராஃப்டுக்கு அடியிலிருந்து வெளியே வர முடியாது. கனமானவை அடியில், நடுவில். சாப்பாடு முழுவதையும் ஒரே ராஃப்டில் ஏற்றாதீர்கள். மருந்துப் பெட்டி ஒன்றில் இருந்தால் பழுதுப் பெட்டி மற்றதில்.

கேள்வி: அண்ணா, நடு வழியில் ரப்பர் கிழிந்தால்?

பதில்: முதலில் உங்கள் ராஃப்ட் பிவிசியா (பிளாஸ்டிக் வகை) ஹைப்பலானா (செயற்கை ரப்பர்) என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் பசை வேறு. கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக, மூலைகளை வட்டமாக நறுக்கி ஒட்டுத்துண்டு வெட்டுங்கள். நன்றாகக் காயவைத்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பானால் துடையுங்கள். பசையை மெல்லியதாகப் பூசி உலரவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. விரல் முட்டியால் தொட்டால் ஒட்டிப் பிடிக்க வேண்டும், நூல் நூலாக இழுபடக் கூடாது, அதுதான் பதம். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரிரவாவது விட்டுவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தாலோ அவசரப்பட்டுக் காற்றடித்தாலோ மறுநாள் உரிந்து வரும்.

இன்னொன்று: சாப்பாட்டுக்குக் கரையேற்றிய ராஃப்ட் வெயிலில் உப்பும். கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றறைகளைப் பிரிக்கும் உள்தடுப்புகள் கிழியும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் தளர்ந்துபோகும். பம்பைக் கையருகே வையுங்கள்.

கேள்வி: விழுந்துவிட்டால் எழுந்து நின்றுவிடலாமா?

பதில்: முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் நிற்கவே நிற்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரோட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால் நீரோட்டத் திசையில் முன்னே. எதிரே விழுந்த மரம் கிடந்து விலக வழியில்லையென்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னே நீந்தி அதன்மேல் ஏறிவிடுங்கள். ராஃப்ட் பாறையில் அகலவாக்கில் மோதப்போனால் எல்லோரும் பாறைப் பக்கம் தாவுங்கள். விலகினால் மறுபக்கம் தண்ணீர் ஏறிச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சிக்கியதை இழுக்க நீட்சியில்லாக் கயிறு, இரண்டு கப்பிகள், அந்தக் கயிற்றை முடிச்சிட்டுப் பிடிக்கும் சிறு கயிறுகள், நான்கு காராபினர்கள் (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்) வேண்டும். இழுக்கும்போது கயிறு வளையும் இடத்தின் உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: ஆறு சேறாக இருந்தால் குடிநீருக்கு?

பதில்: 20 லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் படிகாரத்தூள் கலக்கி இரவு முழுவதும் தெளியவிடுங்கள். மேல்நீரை மட்டும் வடிகட்டிக் கொதிக்கவையுங்கள். நேராக வடிகட்டியில் ஊற்றினால் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கிறதே, வேறென்ன பயம்?

பதில்: குறுகிய பள்ளத்தாக்கில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், செய்தி போகத் தாமதமாகும், போனாலும் உதவி வந்துசேர நாளாகலாம். நடந்தே வெளியேறக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்து, அதன் நகலை ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு மேல் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.